வாடை போனால் விஷமும் போய்விடுமா?



இன்றைய பேச்சை ஒரு காலி டின்னோடு தொடங்குகிறேன். புல் மருந்து வந்த பிளாஸ்டிக் டின் அது. நல்ல கனம், நல்ல கைப்பிடி, இறுக்கமான மூடி. தூக்கி எறிய யாருக்கும் மனம் வராது. ஒரு வீட்டு அம்மா அதை எடுத்துவந்து கழுவி, குழாயடியில் வைத்துத் தண்ணீர் பிடிக்கிறார். அடுத்த வீட்டுப் பெண் கேட்கிறாள்:

"என்னக்கா, இது மருந்து டின்னாச்சே?"

"மூணு தரம் சவுக்காரம் போட்டுக் கழுவி, ரெண்டு நாள் வெயில்ல காய வச்சேன் தங்கச்சி. வேணும்னா மோந்து பாரு. ஒரு வாடையும் இல்லை."

தங்கச்சி மோந்து பார்க்கிறாள். உண்மையாகவே வாடை இல்லை. அவளுக்கும் மனம் சமாதானமாகிவிடுகிறது.

இந்த இருவரும் நான் கற்பனையாகச் சொன்னவர்கள். ஆனால் அவர்கள் பேசிக்கொண்டது நாம் எல்லாரும் ஒருமுறையாவது கேட்ட பேச்சுத்தான். "விஷம் என்றால் வாடை அடிக்கும். வாடை போய்விட்டால் விஷமும் போய்விட்டது." இந்த நம்பிக்கை சரியா? இன்று அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த நம்பிக்கை முட்டாள்தனமானது அன்று. நம் மூக்கு எத்தனையோ முறை நம்மைக் காப்பாற்றியிருக்கிறது. மீன் கெட்டுப்போனால் மூக்குச் சொல்லிவிடும். நேற்றைய குழம்பு ஊசிப்போனால், சட்டியைத் திறந்தவுடனேயே தெரிந்துவிடும். எங்காவது துணி கருகினால், படுத்திருப்பவரும் எழுந்துவிடுவார். அழுகலும் ஊசலும் புகையும் மனிதன் பிறந்த காலம் முதல் அவன் அருகிலேயே இருந்தவை. அவற்றைக் கண்டுகொள்ள மூக்குப் பழகியிருக்கிறது.

ஆனால் மருந்து ஸ்டோரில் அடுக்கியிருக்கும் டின்களில் உள்ளவை தொழிற்சாலையில் நேற்றுப் பிறந்தவை. அவற்றைப் பற்றி நம் மூக்குக்கு யாரும் பாடம் சொல்லித் தரவில்லை. அதனால், கெட்ட மீனுக்குப் பொருந்துகிற சட்டத்தைப் புல் மருந்துக்கும் பொருத்துவது தவறாகிவிடுகிறது.

நம் அடுப்படியிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. சமையல் எரிவாயுத் தோம்பின் குழாய் கழன்றுவிட்டால் ஒரு கெட்ட வாடை வருகிறது அல்லவா? அது எரிவாயுவின் வாடை என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது உண்மையன்று. எரிவாயுவுக்குச் சொல்லத்தக்க வாடை எதுவும் இல்லை. மெர்காப்டான் என்ற பொருளை, மிகச் சிறிய அளவில், வேண்டுமென்றே அதில் கலந்து அனுப்புகிறார்கள். நூறு கோடிப் பங்கு காற்றில் அது ஒரு பங்கு இருந்தாலும் மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும்.

ஏன் இப்படிக் கலக்கிறார்கள்? அதற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்றோர் ஊர். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் எரிவாயு கசிந்து தரைக்கு அடியில் நிறைந்திருந்தது. வாடை இல்லாததால் ஒருவருக்கும் தெரியவில்லை. 1937ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள், ஒரு மின்கருவியிலிருந்து தெறித்த பொறியால் கட்டடமே வெடித்துச் சிதறியது. ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் எரிவாயுவில் வாடை கலக்கவேண்டும் என்ற சட்டம் வந்தது.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? நாம் முகருவது ஆபத்தின் வாடையை அன்று. எச்சரிப்பதற்காக மனிதன் கலந்துவைத்த வாடையை. எச்சரிக்கை வேறு, ஆபத்து வேறு.

இப்போது நம் புல் மருந்துக்கு வருவோம். மலேசியத் தோட்டங்களில் வேலை செய்த குடும்பங்களுக்குப் பாரகுவாட் என்ற பெயர் தெரியாமல் இராது. கிராமக்சோன் என்ற பெயரில் வந்ததும் அதுதான். அதன் புல் கொல்லும் குணத்தை 1955ஆம் ஆண்டில் ஐ.சி.ஐ. என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தார் கண்டறிந்தார்கள். 1962ஆம் ஆண்டளவில் அது விற்பனைக்கு வந்தது. பச்சையான பாகம் எதன் மேல் பட்டாலும் அதைக் கருக்கிவிடும். ஆனால் கித்தா மரத்தின் பழுப்பு நிறப் பட்டையில் பட்டால் மரத்தைக் கொல்லாது. அடித்துச் சிறிது நேரத்தில் மழை பெய்தாலும் மருந்து வீணாகாது. மண்ணில் விழுந்தால் மண்ணோடு ஒட்டிக்கொண்டு செயலற்றுப் போய்விடும். மழை மிகுந்த இந்த நாட்டில் கித்தாத் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் அதை விரும்பியதற்கு இவையே காரணங்கள்.

புல்லுக்கு அப்படி. மனிதனுக்கு எப்படி? ஒரு வாய் அளவு உள்ளே போனால் உயிர் பிழைப்பது அரிது. இன்றுவரை அதற்கு முறிமருந்து இல்லை.

இந்தப் பாரகுவாட்டுக்கு, தூய நிலையில், வாடை இல்லை. தண்ணீரில் கரைந்துவிடும். ஆரம்ப காலத்தில் அது பழுப்பு நிற நீராக வந்தது. அதை ஸ்டோரிலிருந்து சிறிது கொண்டுவந்து, குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைத்தவர்கள் பல நாடுகளிலும் இருந்தார்கள். தாகத்தோடு வந்த ஒருவர், பானம் என்று நினைத்து ஒரு வாய் குடித்துவிட்டு, தவறு என்று தெரிந்து உடனே துப்பினார், அப்படியும் பிழைக்கவில்லை. இத்தகைய மரணங்கள் 1960களிலேயே மருத்துவ இதழ்களில் வெளிவரத் தொடங்கின.

அதன் பிறகு, 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும், மருந்தைத் தயாரித்தவர்கள் அதில் மூன்று பொருள்களைச் சேர்த்தார்கள். ஒன்று, பானம் என்று யாரும் எண்ணாதபடி நீல நிறம். இரண்டாவது, வயிற்றுக்குள் போனால் வாந்தியெடுக்க வைக்கும் பொருள். மூன்றாவது, குமட்ட வைக்கும் வாடை.

ஆகவே, பாரகுவாட்டின் வாடை என்று நாம் சொல்லிவந்தது, அடுப்படி எரிவாயுவின் வாடையைப் போலவே, வெளியிலிருந்து சேர்த்த வாடை. டின்னைக் கழுவி வெயிலில் வைத்தால் அந்த வாடை பறந்துவிடலாம். விஷம் காற்றில் பறக்கும் பொருள் அன்று. மூடியின் மரையிலும், கைப்பிடியின் குழிவிலும், அடி மூலையிலும் காய்ந்து ஒட்டிக்கொண்டு அது அங்கேயே இருக்கும். தண்ணீர் ஊற்றினால் மறுபடியும் கரையும்.

இன்னொரு கொடுமையும் உண்டு. இந்த விஷம் உள்ளே போனவருக்கு முதலில் வாயும் தொண்டையும் எரியும், வாந்தி வரும். பிறகு சிலருக்குக் கொஞ்சம் தெளிந்தாற்போல் இருக்கும். "வாந்தியோடு எல்லாம் வந்துவிட்டது" என்று வீட்டார் நினைத்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில்தான் அது சிறுநீரகத்தையும் நுரையீரலையும் அரித்துக்கொண்டிருக்கும். சில நாள்களிலோ சில வாரங்களிலோ மூச்சு முட்டத் தொடங்கும். வாடை போனதை நம்பி ஏமாறுவது போலவே, வலி குறைந்ததை நம்பியும் ஏமாந்துவிடக்கூடாது.

மருந்தடிக்கும் வேலையைத் தோட்டங்களில் பெரும்பாலும் பெண்களே செய்துவந்தார்கள். அவர்களுடைய உடல்நலத்துக்காகத் தெனாகனித்தா இயக்கமும் அதன் தலைவியாக இருந்த ஐரின் பெர்னாண்டசும் குரல் கொடுத்தார்கள். 2002ஆம் ஆண்டில் மலேசிய அரசாங்கம் பாரகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. இறுதியில், 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து அது முழுமையாகத் தடை செய்யப்பட்டது.

"தடை செய்தாகிவிட்டதே, பிறகென்ன?" என்று கேட்கலாம். பழைய டின்கள் கொட்டகை மூலையில் கிடக்கலாம். அது போக, இன்று வேறு மருந்துகள் அதன் இடத்துக்கு வந்திருக்கின்றன. குளுபோசினேட் என்பது அவற்றுள் ஒன்று. அதைக் குடித்துவிட்டவர் பல மணி நேரம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு திடீரென்று வலிப்பு வந்து மூச்சடங்கிப் போவதுண்டு. மருந்தின் பெயர் மாறியிருக்கிறது. மூக்கை நம்பக்கூடாது என்ற பாடம் மாறவில்லை.

அடுத்து, பூச்சி மருந்துகளைப் பார்ப்போம். இவற்றில் பலவற்றுக்கு மண்ணெண்ணெய் போன்ற காரமான வாடை இருக்கும். அந்த வாடையில் பெரும்பங்கு விஷத்தினுடையது அன்று. விஷத்தைக் கரைப்பதற்குச் சேர்த்த எண்ணெயினுடையது. மருந்தடித்தவர் போட்டிருந்த சட்டையை வேலியில் ஒரு நாள் காயப்போட்டால், எண்ணெய் ஆவியாகிப் போய்விடும், வாடையும் போய்விடும். ஆனால் விஷத்தில் ஒரு பகுதி துணி இழைகளில் தங்கியிருக்கும். அந்தச் சட்டையைக் குழந்தையின் துணியோடு ஒரே வாளியில் ஊறப்போட்டால், அது ஒரு துணியிலிருந்து மற்றொரு துணிக்குப் போகும். பல பூச்சி மருந்துகள் தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கக்கூடியவை. பிளாஸ்டிக் டின்களின் சுவரும் இத்தகைய எண்ணெய் மருந்துகளைச் சிறிது உறிஞ்சிவைத்துக்கொண்டு, பிறகு மெல்ல மெல்லக் கசியவிடும். எத்தனை தரம் கழுவினாலும் அதை முழுதாக எடுக்க முடியாது.

மூக்கின் பெருமையைப் பேசும்போது எலியை மறக்கக்கூடாது. மோப்பத்தில் நாம் எலிக்கு அருகில்கூட நிற்க முடியாது. புதிதாக ஓர் உணவைக் கண்டால் அது சிறிது கடித்துப் பார்க்கும். கடித்த உடனே உடம்புக்கு ஆகாமல் போனால், பிறகு அந்தப் பக்கமே போகாது. அப்படிப்பட்ட எலியை ஏமாற்றுவதற்காகவே வந்தது வார்பரின் என்ற விஷம். 1948ஆம் ஆண்டில் அது எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. அதற்கு வாடை இல்லை. சாப்பிட்டவுடன் வலியும் இல்லை. சில நாள்கள் கழித்து, உடம்புக்குள் இரத்தம் உறையாமல் கசிந்து எலி சாகும். செம்பனைத் தோட்டங்களில் மெழுகுக் கட்டிகளாக வைக்கப்படும் எலி மருந்துகள் இந்த வகையைச் சேர்ந்தவையே. எலியின் மூக்கே கண்டுபிடிக்க முடியாததை நம் மூக்கு எப்படிக் கண்டுபிடிக்கும்? தரையில் மிட்டாய் போலக் கிடக்கும் கட்டியை எடுத்து வாயில் வைக்கும் குழந்தைக்கு அதை யார் சொல்வது?

இதுவரை வாடையே இல்லாத விஷங்களைப் பார்த்தோம். இனி, இதற்கு நேர்மாறான ஒன்று. வாடை உண்டு, ஆனால் ஆபத்து மிகும்போது அந்த வாடை மறைந்துவிடும்!

செம்பனை ஆலைக்கு அருகில் குடியிருப்பவர்களுக்குக் கழிவுநீர்க் குளத்தின் வாடை தெரியும். காற்றுப் படாத இடத்தில் கழிவு அழுகும்போது பல வாயுக்கள் உண்டாகின்றன. அவற்றுள் ஒன்று ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டையின் வாடை அதற்கு. பத்து இலட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குகூட இல்லாதபோதே அதை முகர்ந்துவிடலாம். இந்த அளவில் மூக்கு நல்ல காவல்காரன்.

ஆனால் அதே வாயு பத்து இலட்சத்தில் 100 பங்கு அளவுக்கு ஏறினால், சில நிமிடங்களில் மோப்ப நரம்பு மரத்துப்போகிறது. வாடை நின்றுவிடுகிறது. வாயு நின்றுவிடவில்லை, மூக்குத்தான் நின்றுவிட்டது. 500 பங்குக்கு மேல் போனால் மயக்கமும், இன்னும் மேலே போனால் சில மூச்சிலேயே மரணமும் வரும். மூடிய தொட்டிக்குள்ளோ குழிக்குள்ளோ இறங்குகிறவர், "இறங்கும்போது வாடை இருந்தது, இப்போது இல்லை, நல்ல காற்று வந்துவிட்டது" என்று நினைக்கும் அந்த நிமிடமே அவருக்கு மிக மோசமான நிமிடமாக இருக்கலாம். அவர் விழுந்ததைக் கண்டு, காப்பாற்றுவதற்காக அண்ணனும் தம்பியும் ஒருவர் பின் ஒருவராக இறங்கி, எல்லாரும் மாண்டுபோன விபத்துகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன.

அந்த வாயு இல்லாவிட்டாலும் மூக்கு சோர்ந்துபோகும் உறுப்புத்தான். ஊதுவத்தி ஏற்றிய அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் அதன் மணம் நமக்குத் தெரிவதில்லை. வெளியிலிருந்து வருகிறவருக்குத் தெரிகிறது. அதைப்போலவே, காலை முதல் மருந்து கலக்கிக்கொண்டிருப்பவர் பத்து மணிக்கு, "இப்போதெல்லாம் எனக்கு வாடையே தெரிவதில்லை, பழகிவிட்டது" என்பார். பழகியது மூக்கு மட்டுமே. நுரையீரலும் தோலும் பழகுவதில்லை.

ஆகவே, நேயர்களே, நாம் எடுத்துக்கொண்ட கேள்விக்கு விடை இதுதான். அந்த நம்பிக்கையில் பாதி உண்மை, பாதி பொய். வாடை அடித்தால் எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்பது உண்மை. வாடை இல்லாவிட்டால் ஆபத்து இல்லை என்பது பொய். மூக்கு "ஆபத்து" என்று சொன்னால் நம்புங்கள். மூக்கு "ஆபத்து இல்லை" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

அப்படியானால் எதை நம்புவது? மூக்கை விட்டுவிட்டுக் கண்ணை நம்பலாம். மலேசியாவில் விற்கும் பூச்சி மருந்து, புல் மருந்து டின்களின் லேபிளில் ஒரு வண்ணப் பட்டை இருக்கும். கறுப்பும் சிவப்பும் மிகக் கடுமையான விஷத்தைக் குறிக்கும். அதற்கடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் வெள்ளை. வெள்ளைப் பட்டை என்றால் குடிக்கலாம் என்று பொருளன்று. மற்றவற்றைவிடக் கடுமை குறைவு என்பது மட்டுமே பொருள். எழுத்துத் தெரியாத பெரியவர்களுக்கும் இந்த நிறங்களைப் பிள்ளைகள் சொல்லிக்கொடுக்கலாம்.

வீட்டில் செய்யவேண்டியவை சில. மருந்து டின்னை எக்காரணம் கொண்டும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். காலியானதை ஸ்டோரில் ஒப்படைக்கச் சொல்லுங்கள். கழுவிக் குத்தி ஓட்டை போட்டுவிட்டால் பிறகு யாரும் அதில் தண்ணீர் பிடிக்கமாட்டார்கள். எந்த மருந்தையும் குளிர்பானப் போத்தலுக்கு மாற்றவே கூடாது. மருந்தடித்த துணியைத் தனி வாளியில் தனியாகத் துவையுங்கள். வேலையிலிருந்து வந்தவர் குளித்த பிறகே குழந்தையைத் தூக்கட்டும். குழியிலோ தொட்டியிலோ ஒருவர் மயங்கி விழுந்தால், ஆத்திரப்பட்டு இறங்காதீர்கள். உடனே 999க்கு அழையுங்கள். மூச்சுக் கருவி அணிந்தவர்கள்தான் அங்கே இறங்கலாம்.

யாராவது தவறுதலாகவோ மனவேதனையாலோ மருந்தைக் குடித்துவிட்டால், புளித் தண்ணீர், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைக்காதீர்கள். "நன்றாகத்தானே இருக்கிறார்" என்று காத்திருக்கவும் வேண்டாம். அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். போகும்போது லேபிளையும் கொண்டுபோங்கள். ஏனென்றால் விஷத்துக்கு விஷம் மருத்துவம் மாறும். எல்லா நோயாளிக்கும் உதவும் பிராணவாயுகூடப் பாரகுவாட் குடித்தவரின் நுரையீரலுக்குக் கெடுதலைக் கூட்டும்; டாக்டர்கள் அதை அளந்தே கொடுப்பார்கள். பெயர் தெரிந்தால்தானே அவர்கள் அப்படிச் செய்ய முடியும்? பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய நச்சு மையம் டாக்டர்களுக்கும் பொதுமக்களுக்கும் இதில் ஆலோசனை சொல்கிறது. அவர்கள் முதலில் கேட்பதும் பெயரைத்தான். மனவேதனையால் குடித்தவரை ஏசாதீர்கள். உயிர் பிழைத்து வந்த பின் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

முடிக்குமுன் ஒரு சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. மலாய்க்காரர்கள் இந்தப் பொருள்களை 'ராச்சுன்' என்கிறார்கள். நஞ்சு என்பது அதன் பொருள். நாமோ 'மருந்து' என்கிறோம். புல் மருந்து, பூச்சி மருந்து, எலி மருந்து! காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து, புல்லைக் கருக்குவதும் மருந்து. பேச்சு மொழியை ஒரே நாளில் மாற்ற முடியாது. ஆனால் சிறு பிள்ளைகளிடம் பேசும்போதாவது, "அது நஞ்சு, தொடாதே" என்று நேரடியாகச் சொல்லலாம். அந்தச் சொல்லே பாதிக் காவலாக இருக்கும்.

குழாயடியில் நின்ற அந்த அக்காவிடம் திரும்பிப் போவோம். அவர் சோம்பேறியல்லர், மூன்று தரம் தேய்த்துக் கழுவியவர். கவனமில்லாதவரும் அல்லர், முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் பிடித்தார். அவருக்கு அக்கறை இருந்தது. செய்தி மட்டும் தெரியாமல் இருந்தது. அந்தச் செய்தி இப்போது உங்களுக்குத் தெரியும். இன்று மாலை உங்கள் வீட்டுக் குழாயடியையும் அடுத்த வீட்டுக் குழாயடியையும் ஒருமுறை பாருங்கள். அப்படி ஒரு டின் கண்ணில் பட்டால், முகர்ந்து பார்க்காதீர்கள். எடுத்து அப்புறப்படுத்துங்கள்.